சயாம் மரண ரயிலும் அழக் காலம் வாய்க்காத பிள்ளைகளும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தார். அவற்றுள் அழுகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைச் சுட்டினார். பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், பண்டைய நிலை கெடுதல், வறுமையுறுதல் ஆகியவை அந்நான்கும். இப்பகுதியைப் படிக்குந்தோறும் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. இந்நான்கும் ஒருசேர வந்து தாக்கிய பின்னரும் அழாதிருந்த மக்களை எவ்வாறு விளக்குவது? அத்தகைய மக்களை நான் நூல்களில் கண்டதில்லை. நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து லயங்களில் கண்டேன். அவர்களுள் ஒருவர் என் தாயார்.

இரண்டாம் உலகப் போரின்போது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் அமைத்த இருப்புப்பாதையைப் பற்றி நம் மாணவர்கள் ஓரளவு அறிவார்கள். அப்பாதையின் நீளத்தையும் மாண்டவர் தொகையையும் நாம் பாடமாகச் சொல்லுகிறோம். ஆனால் அந்த வரலாறு 1943ஆம் ஆண்டில் பாதை முடிந்தவுடன் முடிந்துவிடவில்லை. 1945ஆம் ஆண்டில் போர் முடிந்தவுடனும் முடிந்துவிடவில்லை. தந்தையை வழியனுப்பிவிட்டுத் தோட்டத்தில் நின்ற பிள்ளைகளின் நெஞ்சில் அது பல்லாண்டுகள் பேச்சற்றுக் கிடந்தது. அவர்கள் பேரன் பேர்த்தி கண்ட முதுமையில்தான் சிலரிடம் அது அழுகையாக வெளிப்பட்டது. காலந்தாழ்ந்து வந்த அந்த அழுகையின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதையும் ஆட்பிடிப்பும்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. எழுபது நாள்களுக்குள், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத்துத் துரைமார்கள் ஓடிப்போயினர், அல்லது சிறைப்பட்டனர். ரப்பரை வாங்குவோர் இல்லாது போகவே பால்வெட்டு நின்றது, பெரட்டு நின்றது, சம்பளமும் நின்றது. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. துணி கிடைக்காமையால் கோணிச்சாக்கு உடையாயிற்று. வாழைமர நோட்டு என்று நம்மவர் அழைத்த ஜப்பானியப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது.

பர்மாவில் போரிட்ட தம் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானியருக்கு இடர் மிகுந்ததாயிற்று. நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் அவ்வழியை அச்சுறுத்தின. ஆகவே சயாமிலுள்ள பான் போங் என்னும் ஊரிலிருந்து பர்மாவிலுள்ள தான்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர் தொலைவுக்கு மலையையும் காட்டையும் குடைந்து இருப்புப்பாதை அமைக்க முற்பட்டனர். 1942இல் தொடங்கிய அவ்வேலை 1943 அக்டோபரில் முடிவுற்றது. சிறைப்பட்ட நேச நாட்டு வீரர் 60,000க்கு மேற்பட்டோர் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவை வரிசையாக எழுதி வைக்கப்பட்ட கணக்குகள்.

ஆசியத் தொழிலாளரின் கணக்கோ அவ்வாறன்று. பர்மியர், மலாயர், சாவகத்தார், சீனர், தமிழர் என 180,000க்கு மேற்பட்டோர் அங்கு உழைத்ததாகவும், அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்ததாகவும் வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து சென்றோர் சுமார் 75,000 பேர்; அவர்களுள் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். இறந்த வெள்ளையரின் பெயர் நமக்குத் தெரியும். இறந்த தமிழரின் எண்ணிக்கைகூட நமக்கு மதிப்பீடாகவே கிடைக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் வரும் செய்திகளுக்கெல்லாம் அதுவே அடிப்படை.

1943ஆம் ஆண்டில் தோட்டந்தோறும் ஆள்சேர்ப்பு மும்முரமாக நடந்தது. சில மாத வேலை, நாட்கூலி, உணவு, உடை என்று முதலில் ஆசை காட்டினர். பசியால் மெலிந்தவர்கள் நம்பிப் புறப்பட்டனர். ஆள் குறைந்தபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டுக் கிராணிமார் வழியாகவும் கங்காணிமார் வழியாகவும் பிடித்தனுப்பினர். சாமான் ஏற்றும் மூடிய ரயில் பெட்டிகளில் மனிதர்களை அடைத்துப் பல நாள் பயணமாகப் பான் போங்குக்குக் கொண்டுபோயினர். அங்கிருந்து பலர் காட்டு வழியில் கால்நடையாகவே முகாம்களுக்குச் சென்றனர். அவ்வாண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. சிறைப்பட்ட வெள்ளை வீரரிடையே படை மருத்துவர்களேனும் இருந்தனர். தொழிலாளர் முகாம்களில் அத்துணையும் இல்லை. கொதிக்க வைத்த நீரின் அருமையைச் சொல்லவும் ஆளில்லை. இறந்தோரையும் சில இடங்களில் இறவாதோரையும் ஒருங்கே புதைத்தனர், எரித்தனர் என்று உயிர் தப்பி மீண்டவர்கள் கூறியிருக்கின்றனர்.

பின்னே நின்ற பிள்ளைகள்

சிலர் குடும்பத்தோடு சென்றனர். அக்குழந்தைகளுள் பலர் காட்டிலேயே மடிந்தனர். பெரும்பாலோர் மனைவி மக்களைத் தோட்டத்தில் விட்டுச் சென்றனர். அவர்களுக்குப் பின் அந்த லயங்களில் எஞ்சியிருந்தோர் பெண்களும் முதியோரும் பிள்ளைகளுமே. உழைக்கும் ஆண் இல்லாத வீட்டில் அடுத்து வந்த விருந்தாளி பட்டினி. அதனைத் தொடர்ந்து வந்தவை வீக்கம், காய்ச்சல், புண். தந்தை சயாமிலும் தாய் தோட்டத்திலும் இறக்க, தனித்து நின்ற பிள்ளைகளும் உண்டு.

அப்பிள்ளைகளை யார் வளர்த்தனர்? அண்டை வீட்டார் வளர்த்தனர். தமிழ்நாட்டில் ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர் வளர்த்தனர். உறவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாதவரும் வளர்த்தனர். தம் வயிற்றுக்கே இல்லாத நாளில் பிறர் பிள்ளையின் வாயில் கிழங்கை ஊட்டிய அந்த ஏழைகளின் பெருமையை எழுத ஏடு போதாது. ஆயினும் ஒரு செய்தியை ஈண்டு மறைக்கலாகாது. வளர்ப்புப் பிள்ளைகளுள் பலருக்கு அவர்களுடைய பெற்றோரைப் பற்றி எவரும் ஒன்றும் சொல்லவில்லை. "சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்" என்று நல்லெண்ணத்தோடு மறைத்தனர். பின்னர் அடையாள அட்டைக்கோ திருமணப் பதிவுக்கோ தாள்களை நிரப்ப நேர்ந்தபோது, 'தந்தை பெயர்' என்னும் கட்டத்தின் முன்னேதான் சிலர் தம் பிறப்பின் உண்மையை அறிந்தனர். பெற்றவர் இறந்த துக்கமும் அதனை அத்தனை நாள் அறியாதிருந்த துக்கமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

அழுகை ஏன் தள்ளிப்போயிற்று?

நம் முன்னோர் இறப்புச் சடங்குகளை வீணே வகுக்கவில்லை. உடலைக் கிடத்துகிறோம், உறவினர் கூடுகின்றனர், பெண்கள் ஒப்பாரி வைக்கின்றனர். பிள்ளை நெய்ப்பந்தம் பிடிக்கிறான். மகன் கொள்ளி வைக்கிறான். பதினாறாம் நாள் கருமாதி செய்து, இனி இவர் இல்லை என்பதை ஊரறிய ஒப்புக்கொள்ளுகிறோம். 'இறந்தார்' என்னும் சொல்லை மனம் ஏற்பதற்கு இச்சடங்குகள் படிப்படியாகக் கை கொடுக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் முதலாவதாக வேண்டுவன இரண்டு. ஒன்று உடல், மற்றொன்று நாள். சயாமுக்குச் சென்றவர் வீட்டில் இவ்விரண்டும் இல்லை.

1945ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த ஆண்டிலும் எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பி வந்தனர். திரும்பாதோர் வீட்டார் அவர்களைச் சூழ்ந்துகொண்டு வினவினர். என் பாட்டனாரைக் காய்ச்சல் கொட்டகையில் கண்டதாக ஒருவர் கூறினார். போர் முடிந்த பின்னர் பாங்காக் சந்தையொன்றில் கண்டதாக வேறொருவர் கூறினார். இருவரும் பொய்யரல்லர், இருவருள் ஒருவருடைய கண்ணோ நினைவோ ஏமாற்றியிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது சொல் என் பாட்டியாரின் வாழ்வையே கட்டிப்போட்டது. கணவர் இறந்தார் என்று தாலியைக் கழற்றினால், உயிரோடிருப்பவரைத் தாமே கொன்றதாகிவிடுமோ என்று அஞ்சினார். 1961ஆம் ஆண்டில் தாம் இறக்கும்வரை பொட்டும் தாலியுமாகவே இருந்தார். திருமண வீடுகளில் அவரை முன்னே நிறுத்துவதா பின்னே நிறுத்துவதா என்று பெண்கள் தயங்குவார்களாம். அதனை உணர்ந்து அவரே அடுக்களைப் பக்கம் ஒதுங்கிவிடுவாராம். தாய் அழாத வீட்டில் மகள் எவ்வாறு அழுவாள்? அழுதால் அபசகுனம் என்று வாயைப் பொத்தினார்கள்.

காலமும் அவர்களுக்கு ஓய்வு தரவில்லை. போர் முடிந்து மூன்றாண்டு கழிவதற்குள், 1948இல் அவசரகாலம் பிறந்தது. தோட்ட மக்களும் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். உணவும் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டன. 1957இல் நாடு விடுதலை பெற்றது. 1960இல் அவசரகாலம் முடிவுற்றது. அடுத்துத் தோட்டத் துண்டாடல், குடியுரிமை, வேலை உரிமம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கவலைகள் வந்தன. பால்மரத்தின்கீழ் விடியுமுன் நிற்க வேண்டியவளுக்குப் பழைய துயரை எண்ணி உட்கார ஏது நேரம்? பிழைத்தலே பெரும்பாடாக இருந்த தலைமுறை, துயரத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டது. போட்டதை மறந்ததாகவும் எண்ணியது.

அறிஞர் கண்டவை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் எனக்கு ஒரு பாடம். தேர்வுக்காக அன்று மனனம் செய்த பெயர்கள் சில, பின்னாளில் என் வீட்டுக் கதையையே விளக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஹெலன் டாய்ச் என்னும் உளப்பகுப்பாய்வு அறிஞர் 1937ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், இழப்பின்போது துயரம் காட்டாதவர்களைப் பற்றி ஆராய்ந்தார். துயரின் முழுப் பாரத்தையும் தாங்கும் வலிமை சிறுவர் உள்ளத்துக்கு இல்லாமையால் அது ஒதுக்கி வைக்கப்படலாம் என்றும், வெளிப்படாத துயரம் என்றேனும் ஒருநாள் ஏதேனும் ஒரு வடிவில் வெளிப்பட்டே தீரும் என்றும் அவர் கருதினார். அமெரிக்க மனநல மருத்துவர் ஜோசபின் ஹில்கார்டு 1953இல் மற்றொன்றைக் காட்டினார். இளமையில் பெற்றோரை இழந்தவர், தம் பிள்ளை அந்த வயதை எட்டும்போது காரணம் தெரியாமலே நிலைகுலைவதுண்டு என்றார். ஆங்கிலேய அறிஞர் ஜான் பௌல்பி, பற்றும் இழப்பும் குறித்துத் தாம் எழுதிய மூன்று தொகுதிகளுள் இறுதியானதை 1980இல் வெளியிட்டார். உண்மையை உடனுக்குடன் தெளிவாகச் சொல்லி, குடும்பத்தின் துயரிலும் சடங்கிலும் பங்குகொள்ளச் செய்து, அன்புள்ள ஒருவர் அருகிருந்தால், குழந்தையும் முறையாகத் துயருற்று மீளும் என்று அவர் எழுதினார். பாலின் பாஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், வியட்நாம் போரில் காணாமற் போன வீரரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தார். இறந்தாரா இருக்கிறாரா என்று தெளியாத இழப்பே மனிதர்க்கு மிகக் கொடியது என்று கண்டு, அதற்குத் தனிப் பெயரும் இட்டார்.

இவர்களுள் எவரும் மலாயாத் தோட்டத்தைக் கண்டு எழுதியவரல்லர். ஆயினும் பௌல்பி வேண்டுமென்ற ஒவ்வொன்றும் நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டிருந்தது. உண்மை தெரியவில்லை, சடங்கு நடக்கவில்லை, அருகிருக்க வேண்டிய தாயோ பசியோடு போராடிக்கொண்டிருந்தாள். தந்தையை இழந்த பிள்ளைகள் எல்லாரும் பின்னாளில் நிலைகுலைந்தனர் என்று நான் கூறவில்லை. பலர் அமைதியாகவே வாழ்ந்து மறைந்தனர். ஆனால் அமைதியாக இருந்தோர் அனைவரும் ஆறுதல் பெற்றோர் என்று நாம் கருதியது பிழை என்பதையே சொல்ல வருகிறேன்.

என் தாயாரின் அறுபது ஆண்டுகள்

என் தாயார் 1937ஆம் ஆண்டு பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் பிறந்தார். அவருடைய தந்தை சயாமுக்குச் சென்றபோது அவருக்கு வயது ஆறு. எங்கள் வீட்டில் அதுபற்றிப் பேச்சே இருந்ததில்லை. "தாத்தா சயாமுக்குப் போனவர்" என்னும் ஒரு வரியே நாங்கள் அறிந்த முழு வரலாறு. தாயார் மரவள்ளிக்கிழங்கை வீட்டிற்குள் நுழையவிடமாட்டார். ஜப்பான் காலத்தில் தின்று சலித்தது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். பலர் வீட்டிலும் அப்படித்தான் சொல்லக் கேட்டிருக்கிறோம். ரயிலில் அவர் ஏறியதே இல்லை. 1989இல் நான் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, நிலையத்துக்கு வாருங்கள் என்று அழைத்தேன். வீட்டு வாசலிலேயே திருநீறு பூசி, "பஸ்ஸிலே போனால் என்னப்பா?" என்று மட்டும் கேட்டு உள்ளே சென்றுவிட்டார். படிப்பறியாத தாய்க்கு ரயில் என்றால் அச்சம் போலும் என்று நான் நினைத்தேன். உளவியல் படிக்கப் புறப்பட்ட மகனின் அறிவு அவ்வளவில் இருந்தது.

2003ஆம் ஆண்டு. என் மூத்த மகளுக்கு வயது ஆறு. வெளியூரில் நடைபெற்ற பயிற்சி ஒன்றுக்காக நான் இரண்டு வாரம் செல்ல வேண்டியிருந்தது. உடன் அழைத்துச் செல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபம் தானே தணியும் என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போது என் தாயார் ஓடிச் சென்று குழந்தையைப் பற்றி இழுத்து வந்தார். "அப்பாவைப் பார்! பார்த்து ஒரு வார்த்தை பேசி அனுப்பு! அனுப்புடி!" என்று கத்தினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. குழந்தை அலறியது. தாயார் அப்படியே வாசற்படியில் சரிந்து அமர்ந்து அழத் தொடங்கினார். அறுபத்தாறு வயதுப் பெண்ணின் அழுகையாக அது எனக்குப் படவில்லை. விக்கி விக்கி, மூச்சு வாங்க இடமின்றி, ஆறு வயதுக் குழந்தை அழுவதுபோல அழுதார். நான் பயணத்தைக் கைவிட்டேன். மூன்று வாரங்கள் அவர் சரியாக உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. மருத்துவர் உடலில் குறையில்லை என்றார்.

பிறகு ஒருநாள் பின்கட்டில் அமர்ந்து, கீரை ஆய்ந்தவாறே தாமாகச் சொன்னார். அன்று விடியற்காலையில் ஆபீசுக்கு முன்னால் லாரி வந்து நின்றதாம். தம்மையும் அழைத்துப் போகச் சொல்லி அடம்பிடித்து, முடியாது என்றதும் இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். தந்தை வெகுநேரம் தலைமாட்டில் நின்று பெயர் சொல்லி அழைத்தாராம். இவர் விழித்திருந்தும் திரும்பவில்லை. தமக்குக் கிடைத்த சுட்ட கிழங்கில் பாதியை இவருடைய தலைமாட்டில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். கோபத்தில் அதனைத் தொடக்கூடாது என்று இருந்தவர், நடுப்பகலில் பசி தாங்காமல் தின்றுவிட்டார். "நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்; அதனாலேதான் அவர் திரும்பி வரலே. அந்தக் கிழங்கையும் தின்னுட்டேன்" என்றார்.

அறுபது ஆண்டுகளாக ஒரு குழந்தை, தந்தையின் மரணத்துக்குத் தானே காரணம் என்று எண்ணிக்கொண்டு என் தாயாருக்குள் உட்கார்ந்திருந்தது. எங்களுக்குச் சோறு ஊட்டியபோதும், எங்கள் திருமணங்களை நடத்தியபோதும் அது அங்கேயே இருந்தது. ஒரு பேரரசு செய்த கொடுமையின் பழியை ஒரு சிறுமி தன் தலைமேல் ஏற்றுக்கொண்டாள். "அது உன் குற்றமன்று" என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஏனெனில் அவள் அவ்வாறு எண்ணுகிறாள் என்பதே ஒருவருக்கும் தெரியாது. ஹில்கார்டு சொன்னது பிள்ளையின் வயதைப் பற்றி. எங்கள் வீட்டில் அது பேர்த்தியின் வயதில் நிகழ்ந்தது. எங்கள் தந்தை ஒருநாளும் எங்களைப் பிரிந்து சென்றவரல்லர். ஆறு வயதுக் குழந்தை, கோபம், சுவர், பையோடு நிற்கும் தந்தை ஆகிய நான்கும் ஒன்றுகூட அறுபது ஆண்டுகள் ஆயின.

அவ்வாண்டு ஆடி அமாவாசையன்று பாட்டனாருக்கு முதன்முதலாக நீர்க்கடன் செலுத்தினோம். இறந்த நாள் தெரியாமையால் அந்நாளையே அவருக்குரிய நாளாகக் கொண்டோம். அடுத்த ஆண்டு தாயாரைக் காஞ்சனபுரிக்கு அழைத்துச் சென்றோம். அவர் விருப்பப்படி பேருந்திலேயே சென்றோம்.

கல்லும் எழுத்தும்

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பசும்புல் வெளியில் வரிசை வரிசையாகத் தாழ்ந்த கல் மேடைகள். மேலே உலோகத் தகடுகளில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும். பலவற்றில் வயதும், வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரியும் உண்டு. தாயார் ஒவ்வொரு தகடாகத் தடவிக்கொண்டே நடந்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண்கள் அவருக்குத் தெரியும். "இது வயசா? இருபத்திரண்டா? பாவம், யார் பெற்ற பிள்ளையோ" என்று ஒரு வெள்ளை வீரனின் கல்லருகே நின்று வருந்தினார். பிறகு என்னிடம், "இவங்களுக்கெல்லாம் தேதி இருக்குதே, ஐயா. அப்பாவுக்கு எங்கே?" என்று கேட்டார். தலைமையாசிரியர் பொறுப்பில் பின்னாளில் எத்தனையோ வினாக்களுக்கு விடையளித்திருக்கிறேன். அன்று கேட்ட வினாவுக்கு என்னிடம் விடையில்லை.

மாலையில் ஆற்றங்கரைக்குச் சென்றோம். சந்தையில் தாமே தேடி வாங்கிய சுட்ட கிழங்கை ஓர் இலையில் வைத்து, நீரருகே இறக்கிவிட்டு, சற்று நேரம் கைகூப்பி நின்றார். எஞ்சியதில் ஒரு துண்டைத் தாமும் உண்டார். அறுபத்தோராண்டுகளுக்குப் பின் அவர் உண்ட கிழங்கு அது. 2018இல் தம் எண்பத்தொன்றாம் வயதில் அவர் மறைந்தார். இறுதி ஆண்டுகளில் தந்தையைப் பற்றி எவ்விதத் தயக்கமுமின்றிப் பேசினார். அவர் பாடிய பாட்டு, அவர் கட்டிய முண்டாசு, அவருடைய நடை எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். துயரம் திரும்பி வந்தபோது, அதனோடு தந்தையும் திரும்பி வந்தார்.

ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததே ஒரு சமுதாயத்துக்கும் நேர்ந்தது எனலாம். பல்லாண்டுகள் நாமும் இதனைப் பேசவில்லை. 1990ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் கரும்புக் கொல்லை ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் குவியலாக வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்பட்டது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' முதலிய நாவல்கள் நம் நாட்டில் தோன்றின. கல் இல்லாத காலத்தில் எழுத்தே கல்லாக நின்றது. நம் எழுத்தாளர்கள் இந்தச் சமுதாயத்துக்காக முதலில் அழுதவர்கள் என்று கூறினால் மிகையாகாது.

2023ஆம் ஆண்டில், மலேசியத் தமிழர் சிலரின் முயற்சியால், காஞ்சனபுரியிலுள்ள பௌத்த ஆலயம் ஒன்றின் வளாகத்தில் அங்கு மாண்ட தமிழர் நினைவாக நடுகல் நாட்டப்பெற்றது. நடுகல் என்பது நமக்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது ஈறாக அதன் படிநிலைகளைத் தொல்காப்பியமே கூறுகிறது. போரில் மாய்ந்தவனைக் கல்லில் எழுப்பி அவனுக்கு ஓர் இடத்தை அளித்த இனம் நம் இனம். வேலும் வாளும் ஏந்தாமல், மண்வெட்டியும் கூடையும் ஏந்தி மாய்ந்தவர்களுக்கு அந்த மரபு சென்றடைய எண்பது ஆண்டுகள் ஆயின. காலந்தாழ்ந்ததே ஆயினும் தக்கதே. என் தாயார் அதனைக் காண இல்லை. அவருடைய வினாவுக்குத் தேதி கிடைக்கவில்லை, இடம் கிடைத்தது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இது பழங்கதை என்று எவரும் எண்ணிவிடலாகாது. தாயை இழந்த குழந்தையும், தந்தை பிரிந்து சென்ற குழந்தையும், உறவினர் வீட்டில் வளரும் குழந்தையும் நம் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. என் குற்றம் ஒன்றையும் ஈண்டுச் சொல்லியே தீரவேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், தந்தையை விபத்தில் பறிகொடுத்த மாணவன் ஒருவன் ஒரு வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்பினான். அவன் அழவில்லை. நான் அவனை முன்னே நிறுத்தி, "பாருங்கள், எவ்வளவு தைரியசாலி" என்று சொல்லி, மற்ற மாணவரைக் கைதட்டச் செய்தேன். நல்லது செய்ததாகவே நம்பினேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், தனக்கு மகன் பிறந்த செய்தியோடு அவன் என்னைக் காண வந்தான். பேச்சிடையே, "அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள், சார். அதற்கப்புறம் எப்போது அழுவது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது" என்றான். குறை கூறுவதாக அவன் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். அதுவே என்னை அதிகமாகச் சுட்டது.

ஆதலின் ஆசிரியத் தோழர்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன். இழப்புற்ற குழந்தை அழாதிருப்பதைப் புகழாதீர்கள். 'தூரமாகப் போயிருக்கிறார்' என்று மழுப்பாமல், இறந்தவர் இறந்தார் என்று அன்போடு உண்மையைச் சொல்லுங்கள். 'இது உன்னால் நேரவில்லை' என்பதைக் குழந்தை கேளாமலே சொல்லுங்கள். கேட்கும் துணிவு அதற்கு இராது. வளர்ப்புப் பிள்ளையிடம் அதன் வரலாற்றை எப்போது, எவ்வாறு சொல்வது என்று வளர்ப்போரோடு கலந்து பேசுங்கள். இறந்த நாள் ஆண்டுதோறும் வரும்போது அக்குழந்தையின் முகத்தைக் கவனியுங்கள். இவற்றுக்குத் தனிப் படிப்பு வேண்டியதில்லை. பத்து நிமிடப் பொறுமை போதும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1943இல் ஆறு வயதாக இருந்தோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டனர். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அத்தகையோர் ஒருவர் இருக்கக்கூடும். வரலாற்றுப் பாடத்துக்காக மட்டுமன்று, அவருக்காகவும் அவரருகே சென்று அமருங்கள். "உங்கள் அப்பா எப்படி இருப்பார்?" என்று கேளுங்கள். எப்படி இறந்தார் என்று முதலில் கேட்காதீர்கள். அவர் பேசினால் குறித்துக்கொள்ளுங்கள். அழுதால் எழுந்து ஓடாமல் அருகிலேயே இருங்கள்.